ராசப்பன் வீட்டு ஸ்பீக்கர்

ஜூன் 3, செவ்வாய்

ராசப்பனின் தறிக்கூடம்தான் என் அப்பாவைச் செவிடாக்கியது. இதில் பேச ஒன்றுமில்லை. முப்பத்தாறு விசைத்தறிகளுக்கு நடுவில் இருபத்திரண்டு வருடம் நின்றவருக்குக் காது வேறெப்படிப் போகும்?

தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. அவர்கள் கேட்பது ஒரே ஒரு காகிதம். கிட்டுச்சாமி என்பவர் எங்களிடம் இத்தனை வருடம் தறி ஓட்டினார் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். அது வராமல் மனு நகராது. அப்பா மூன்று முறை போய்த் தறிக்கூட வாசலில் நின்றார். மூன்று முறையும் மேனேஜர், முதலாளி ஊரில் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

ஊரில் இல்லாத அந்த முதலாளியின் வீட்டில்தான் இன்று ஸ்பீக்கர் இறக்கினேன்.

கோவையில் நவநீதன் அண்ணன் கடையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கடையில் எனக்குக் 'காது' என்று பெயர். பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தாலும் பாட்டு ஓடும்போதே சொல்லிவிடுவேன். "சோமனூர் ஆர்டர்டா. உன்ற ஊருதானே, நீயே போயிரு" என்றார் அண்ணன். எந்த வீடு என்று பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடிதத்தை நேரில் கேட்க இதைவிட வழி கிடைக்காது.

ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். ஒன்றைத் தூக்க நாலு பேர். விலையை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 4, புதன்

புது ஸ்பீக்கர் உடனே நன்றாகப் பாடாது. உள்ளே கூம்பைப் பிடித்திருக்கும் ரப்பர் விளிம்பு விறைப்பாக இருக்கும். நூறு மணி நேரமாவது ஓட்டினால்தான் அது இளகி, அடிச்சத்தமான பாஸ் இறங்கும், மேல்சத்தமான ட்ரெபிள் திறக்கும். வாங்குகிறவர்கள் இதை அவர்களே வீட்டில் பாட்டுப் போட்டுச் செய்துகொள்வார்கள். ராசப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"மெசினு ஓடறப்ப ஆள் நிக்கோணும்" என்றாராம் போனில். "ஆளில்லாம ஓடற தறியும் ஒண்ணு, கட்டவுத்து உட்ட மாடும் ஒண்ணு. ஒரு பையன அனுப்புங்க."

அதனால் தினமும் பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை நான் நிற்க வேண்டும். ஸ்பீக்கருக்குத் துணை.

இரண்டையும் முகத்துக்கு முகம் ஒட்டி நிறுத்தினேன். ஒன்றின் வயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அப்படிச் செய்தால் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பாதிச் சத்தம் அங்கேயே செத்துவிடும். மேலே கம்பளி போர்த்தினேன். ராசப்பனின் மகள் மிருதுளா எட்டிப் பார்த்தது. சென்னையில் கட்டடக்கலை படிக்கிறது, லீவில் வந்திருக்கிறது.

"என்னங்க அண்ணா, ஸ்பீக்கருக்குக் காய்ச்சலா?"

"பழக்கறோமுங்க."

"நல்லாப் பழக்குங்க. எங்கப்பா டிவியவே எண்பதுல வெக்கற ஆளு. இது எத்தன நாளைக்குத் தாங்குமோ."

இந்த அறையின் சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் துணி போர்த்தியிருக்கிறார்கள். ஒரு பொட்டுச் சத்தம் வெளியே போகக் கூடாதாம். தறிக்கூடத்துக்குத் தகரக் கூரை. நானும் அங்கே தறி ஓட்டிய காலத்தில், நாங்கள் கழிவு நூலை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டால் மேஸ்திரி வந்து பிடுங்கி எறிவார். நூல் அறுந்த சத்தம் தெரியாமல் போய்விடும் என்று.

ஜூன் 5, வியாழன்

பாட்டு போடுவதில்லை. இரைச்சல்தான் போட வேண்டும். எல்லாச் சுருதியும் கலந்த ஒரே இரைச்சல், அதற்கென்றே பதிவு இருக்கிறது. கேட்பவர்கள் மழை மாதிரி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தறிக்கூடச் சத்தத்திலிருந்து டக்கு டக்கை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இதுதான்.

பத்தாவது முடித்து, பதினாறு வயதில் அப்பாவோடு தறிக்குப் போன முதல் நாள் எனக்கு வாந்தி வந்தது. மேஸ்திரி சிரித்தார். "பத்து நாள்ல காது பழகிரும் போ" என்றார். பத்து நாள் கூட ஆகவில்லை. நாலு வருடம் இருந்தேன். அப்புறம் ஓடி வந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மணிக் கணக்கு எழுதுவதற்காக வாட்சை மணிக்கொரு தரம் பீப் அடிக்கும்படி வைத்திருந்தேன். அடிக்கவே இல்லை. பேட்டரி போய்விட்டது போல.

ஜூன் 7, சனி

முப்பத்திரண்டு மணி நேரம் முடிந்தது.

வீட்டில் நானும் அப்பாவும்தான். டிவியை அவருக்காக ஐம்பத்தைந்தில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னல் வழியே துண்டை வீசிக் கூப்பிட்டார். "ஏப்பா, ஊரே சீரியல் கேக்குது" என்று சத்தம் போட்டார். பாவம், அப்பாவைத்தான் சொல்கிறார்.

ராசப்பன் வீட்டில் வேலை என்பதை இன்றுதான் அப்பாவிடம் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்பதெல்லாம் கண்ணால்தான்.

"கடுதாசி பத்தி அங்க வாயத் தொறக்காத" என்றார்.

"ஏன்?"

"பொழப்புக்குப் போன எடத்துல நாயம் பேசப்படாது."

"உங்களுக்கு அங்கதானப்பா காது போச்சு! அங்க பேசாம வேற எங்க பேசறது?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரோடு சண்டை போட்டால் இதுதான் முடிவு. வாயைப் பார்க்கவில்லை என்றால் நான் பேசவே இல்லை என்று ஆகிவிடும். கத்தினேன். தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ஜூன் 9, திங்கள்

இன்று ஒன்று நடந்தது.

பாஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கக் கம்பளியை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரைத் திருப்பி, முழுச் சத்தத்தில் வைத்திருந்தேன். வாசலில் ராசப்பன் வந்து நின்றார். முதல் முறையாக நேரில் பார்க்கிறேன். நான் தறியில் இருந்த நாலு வருடத்தில் அவர் கூடத்துக்கு வந்ததே இல்லை. எல்லாம் மேஸ்திரி ராஜ்ஜியம். வெள்ளை வேட்டி, அறுபதை நெருங்கிய வயது. ஏதோ சொன்னார், கேட்கவில்லை. உடனே முஷ்டியை மடக்கி நெஞ்சை நோக்கி ஒரு இழு இழுத்தார்.

யோசிப்பதற்குள் என் கை போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டது.

தறிக்கூடத்தில் யார் பேசினாலும் கேட்காது. எல்லாம் கைதான். விரலைக் கத்திரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்தது. முஷ்டியை இழுத்தால் தறியை நிறுத்து.

அவர் என்னையே பார்த்தார்.

"தறி ஓட்டிருக்கறயா நீ?"

"ஓட்டிருக்கேனுங்க."

"ஆரு கூடத்துல?"

"உங்க கூடத்துலதானுங்க. நாலு வருசம்."

"ஆரு பையன்?"

"கிட்டுச்சாமி பையனுங்க."

சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "அட, நம்ம கிட்டான் பையனா! நானும் அவனும் ஒரே தறிச் சந்துல நின்னவங்கடா. மொதல்ல எட்டுத் தறி. ஆளுக்கு நாலு. எப்பிடியிருக்கறான்?"

இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். "காது சுத்தமா கேக்கறதில்லீங்க. உங்ககிட்ட வேலை செஞ்சாருன்னு ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னா..."

"அவனுக்கு அது பொறவிலயே மந்தமப்பா" என்றார் சட்டென்று. கடிதம் என்ற வார்த்தைக்கே காத்திருந்த மாதிரி. "தறில நின்னாக் காது போவுமின்னா, மொதல்ல எனக்கல்லோ போயிருக்கோணும்? பதனஞ்சு வருசம் நின்னவன் நானு. இன்னைக்கும் ஊசி உளுந்தாக் கேக்கும்."

எழுந்து கதவுப் பக்கம் நடந்தார். முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. கேட்காத மாதிரி நடிப்பது இவர்களுக்கு எவ்வளவு சுலபம்.

ஜூன் 11, புதன்

வாட்சுக்குப் புது பேட்டரி போட்டேன். அப்படியும் அடிக்கவில்லை. கடைக்காரன் பழசைத் தலையில் கட்டிவிட்டான்.

ஜூன் 13, வெள்ளி

எழுபத்திரண்டு மணி நேரம்.

மிருதுளா ஸ்கேலும் காகிதமுமாக அறைக்குள் வந்து உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தது. இரைச்சலில்தான் வேலை ஓடுகிறதாம். படிக்கிறவர்களுக்கு இரைச்சல் கூட ஒரு வசதி. மதியம் நான் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னது:

"அண்ணா, உங்க வாட்ச் மணிக்கு மணி அடிச்சுட்டே இருக்குது. அத ஆஃப் பண்ணிருங்களேன்."

"இது அடிக்கறதில்லீங்க. ரிப்பேரு."

அது என் முகத்தைப் பார்த்தது. பிறகு வாட்சைப் பார்த்தது. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம். ஊறுகாய் வைக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

நூறு தாண்டியது. கம்பளியை மடித்தேன், மாற்றிய வயரைச் சரியாகக் கொடுத்தேன், ஸ்பீக்கர்களை அதனதன் இடத்தில் நிறுத்தினேன். ராசப்பன் குளித்து விபூதி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி. பஜனைப் பதிவு ஒன்றைப் போட்டேன்.

பாஸ் அருமை. மிருதங்கத்தில் தோலின் ஈரம் கூடத் தெரிந்தது. குரல் சுத்தம். ஆனால் மேலே ஒன்றும் இல்லை. ஜால்ரா எங்கோ போர்வைக்குள் இருந்தது.

ராசப்பன் முகம் சுருங்கியது. "என்னடா இது, ஜால்ராவையே காணம்?"

"ஆமாங்க. மேல்சத்தம் இன்னும் தொறக்கல. இன்னொரு அம்பது மணி நேரம் ஓட்டோணும்."

"அதச் சொல்லு. நவநீதன் நூறு போதுமுன்னான். உனக்குத்தான்டா காது இருக்குது."

அதுவரைக்கும் என்று ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். இன்னும் கொஞ்சம் என்றார். ஏற்றினேன். இரண்டு பேருக்கும் ஜால்ரா வந்தது. அவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். மிருதுளா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தது.

"ஐயோ அப்பா, கம்பிய உட்டுக் குத்தற மாதிரி இருக்குது! நிறுத்துங்க!"

"உனக்கு என்ன தெரியும் பாட்டப் பத்தி" என்றார் ராசப்பன்.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மனிதர் சொன்னதை ஒத்துக்கொண்டேன். காதில் எப்போதும் ஒரு ஹெட்போன், கண்ட சத்தத்தையும் கேட்டுப் பழகிய பிள்ளை.

ஜூன் 21, சனி

நூற்று இருபத்தெட்டு. இன்னும் திறக்கவில்லை.

ஜூன் 25, புதன்

நூற்று ஐம்பதும் முடிந்தது. ட்ரெபிள் அதே இடத்தில். மேல்சத்தம் தரும் ட்வீட்டரே கோளாறு என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். லேப்டாப்பும் அளக்கிற மைக்குமாக அவரே வந்துவிட்டார். பாட்டைப் போட்டதும் ஒரு அடி பின்னால் போனார்.

"டேய் பூபதி! என்னடா கத்தியத் தீட்டி வெச்சிருக்கற?"

மைக்கை வைத்து அளந்தார். கோடு மேல்சத்தத்தில் மலை மாதிரி ஏறியிருந்தது. என் பக்கம் திருப்பிக் காட்டினார். மைக் தப்பாக அளக்கும் என்று சொன்னேன். ராசப்பனும் சொன்னார். "மிசினு கெடக்குது உடுங்க நவநீதன். காதுல கேக்கறதுதான் நெசம்."

"சரீங்க. அப்ப காதுலயே பாத்தரலாம்" என்று சிரித்தார் அண்ணன். "ஒரே சுருதி, கீழ இருந்து மேல போகும். கேக்கற வரைக்கும் எல்லாரும் கையத் தூக்கியே வெச்சிருங்க. நின்னதும் எறக்கிருங்க."

விளையாட்டுதான். மிருதுளாவும் வந்து நின்றது. நாலு பேரும் கையைத் தூக்கினோம், பள்ளிக்கூடத்தில் மாதிரி. ஊய் என்று ஏறியது. ஏறியது. நான் மிருதுளாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மாதான் பார்த்தேன். அதன் கை மேலேயே இருந்தது, நானும் இறக்கவில்லை. நடுவில் அது முன்னால் விழுந்த முடியை ஒதுக்கக் கையைக் கீழே கொண்டுபோனது. எனக்குக் கை வலித்தது, இறக்கினேன். நான் இறக்கிய அடுத்த நொடி ராசப்பன் இறக்கினார்.

மிருதுளா முடியை ஒதுக்கிவிட்டு மறுபடியும் கையைத் தூக்கியது. அண்ணனுடைய கையும் மேலேயே இருந்தது.

"அப்பா" என்றது அது. "இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. ராசப்பன் என்னைப் பார்த்தார். நான் ஒருவேளை முதலிலிருந்தே அவரைப் பார்த்திருந்தால், அவர் கண் என் கையின் மேலேயே இருந்தது தெரிந்திருக்கும்.

"எனக்குக் கேக்குதும்மா. கை வலிச்சுது" என்றார்.

அண்ணன் ட்ரெபிளை எல்லாம் பழைய நிலைக்கு இறக்கிவிட்டு, என்னை வண்டிப் பக்கம் கூட்டிப் போனார்.

"எத்தன நாளா?"

"என்னதுங்கண்ணா?"

"டேய்."

சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அந்த அறையில் ஏசி அதிகம்.

ஜூன் 26, வியாழன்

இனி கேட்டுச் சொல்லும் வேலை எனக்கு இல்லை. குடோனில் வயர் வெட்டுகிறேன். கடையில் யாரும் 'காது' என்று கூப்பிடவில்லை.

ஜூன் 27, வெள்ளி

அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மனுவுக்குப் புதுச் சோதனை வேண்டுமாம். கண்ணாடி போட்ட சின்ன அறை, ஹெட்போன், கையில் அமுக்க ஒரு பட்டன். பரிசோதிக்கும் அம்மா பொறுமையானவர். சார்ட்டில் அப்பாவின் கோடு இரண்டு கட்டம் போய்ச் சரசரவென்று கீழே விழுந்துவிட்டது.

வெளியே வந்த அப்பா என் தோளைப் பிடித்து அந்த அறைக்குள் தள்ளினார்.

"இவனையும் பாருங்கம்மா."

"எனக்கெதுக்குப்பா?"

"போடா." அவர் சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. அவருக்கு அது தெரியாது. "டிவிய எனக்காகவாடா அம்பத்தஞ்சுல வெக்கற? எனக்கு அது கேக்கறதே கெடையாது, படந்தான் பாக்கறேன். சத்தத்த யாரு கேக்கறா அந்த ஊட்டுல?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போனேன். கதவைச் சாத்தினார்கள்.

பட்டனை அமுக்கினேன், அமுக்கினேன். பிறகு வெகுநேரம் அமுக்கவில்லை. அந்த அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதையோ திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார். சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் அத்தனை நேரமும் சத்தம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்.

"தறில வேலையா தம்பி?" என்றார் வெளியே வந்ததும். நான் சொல்லாமலேயே. கோட்டைக் காட்டினார். நன்றாகப் போய்க்கொண்டிருந்து ஒரு இடத்தில் பள்ளம். "இந்தப் பள்ளம் உங்க பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் இருக்கும். கையெழுத்து மாதிரி."

இது இனித் திரும்புமா என்று கேட்டேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு சார்ட்டும் என் மடியில்.

ஜூன் 28, சனி

வாட்சைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்தேன்.

ஜூன் 30, திங்கள்

காலையில் அண்ணன் குடோனுக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "சோமனூர்ல இருந்து போன். நான் வெச்ச செட்டிங்ல பாட்டு செத்துப்போச்சாம். அந்தப் பையனையே அனுப்புங்கறாரு. பழையபடி அவனே வெச்சுக் குடுக்கட்டுமாம்."

போனேன். சட்டைப் பைக்குள் இரண்டு சார்ட்டையும் மடித்து வைத்துக்கொண்டேன்.

மிருதுளா சென்னைக்குப் போய்விட்டது. பஞ்சு அறையில் ராசப்பன் மட்டும். ட்ரெபிளை நான் பழையபடி ஏற்றினேன். பஜனை ஓடியது. அந்தப் பெண் இருந்திருந்தால் வீட்டை விட்டே ஓடியிருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் ஜால்ரா பக்கத்தில் வந்து நின்றது. அவர் கண்ணில் தண்ணீர்.

"இப்பத்தான் சாமி கேக்குது. மத்தவனெல்லாம் என்னத்தக் கேக்கறானோ."

இந்த உலகத்தில் எனக்குக் கேட்கிற மாதிரியே கேட்கிற ஒரே மனிதர் இவர்தான் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. ஆம்ப்பை அணைத்தேன். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, வாய் தெரிகிற மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, சார்ட்டுகளை டீப்பாயின் மேல் விரித்தேன்.

"இது அப்பாவுது. இது என்னுது. பள்ளம் ஒரே எடத்துல இருக்குது பாருங்க. நீங்க போய்ப் பாத்தாலும் இதேதானுங்க வரும். பொறவிலயே மூணு பேருக்கும் மந்தமாங்க?"

அவர் சார்ட்டைப் பார்க்கவில்லை. என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா பார்க்கிற அதே மாதிரி. ஒரு வார்த்தையையும் தவறவிடவில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது.

"உங்க காச யாரும் கேக்கலீங்க. அங்க நின்னோமுன்னு எழுதுங்க. அது போதும்."

மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பஞ்சு வைத்த சுவர்.

எனக்கு அந்தத் திருப்பல் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். எழுந்து சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தோளைத் தொட்டேன், தறிக்கூடத்தில் தொடுவது போல இரண்டு தட்டு. கண் திறந்தது.

"எழுதுங்கய்யா. ரெண்டு பேரு. கிட்டுச்சாமி, இருவத்திரண்டு வருசம். பூபதி, நாலு வருசம். இந்தாங்க பேனா."